சாலையிலேயே வாழ ஒரு பழைய பிக்கப்: அமெரிக்காவில் தேடி, சோதித்து, வாங்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி, பின்னால் படுக்கை போட்டு, மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வாழ நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி நினைக்கிற எல்லோரும் முதலில் எஞ்சினையும் ஓடிய மைலையும்தான் பார்க்கிறார்கள். அவையும் முக்கியம்தான். ஆனால் எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம், கியர்பாக்ஸ் போனால் அதையும் மாற்றலாம். வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்பதை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஃப்ரேமையும், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தையும், கட்டுப்படியாகும் செலவில் காப்பாற்ற முடியாது. அதனால் எடையையும் துருவையும் முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் விலை பேசுவதற்கான விஷயங்கள்.

படி 1: எங்கே படுக்கப் போகிறீர்கள்?

வண்டியைத் தேடும் முன் இதை முடிவு செய்யுங்கள். பிக்கப்பில் வாழ மூன்று வழிகள் உண்டு. பின்னால் இருக்கும் திறந்த சரக்குத் தளத்தை அமெரிக்காவில் பெட் என்பார்கள். அதன் மேல் டாப்பர் என்னும் ஃபைபர் கூண்டைப் பொருத்தி உள்ளே படுப்பது முதல் வழி. கூரைமேல் மடக்குக் கூடாரம் வைப்பது இரண்டாவது. அடுப்பு, கட்டில், தொட்டி எல்லாம் உள்ள ஸ்லைடு-இன் கேம்பரை அப்படியே பெட்டில் ஏற்றிக்கொள்வது மூன்றாவது.

என் சிபாரிசு டாப்பர்தான். மழை பெய்தாலும் காற்றடித்தாலும் உள்ளே போய்ப் படுத்துவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வேலை வண்டி மாதிரி இருக்கும், செலவும் குறைவு. கூரைக் கூடாரம் வார இறுதிக்கு நன்றாக இருக்கும். தினமும் காலையில் ஈரத்தோடு அதை மடக்கி வைப்பது சலித்துவிடும். ஸ்லைடு-இன் கேம்பர் வேண்டுமென்றால் எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 வகைக்கோ அதற்கும் மேலோ போக வேண்டும். எஃப்-150, ராம் 1500 போன்ற சாதாரண 1500 வகை வண்டிகள் பெரும்பாலான கேம்பர்களைத் தாங்காது. இங்கிருந்து நான் சொல்வதெல்லாம் டாப்பர் போட்டு வாழ்கிறவர்களுக்கு.

படி 2: எடைக் கணக்கு

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள், வெள்ளை நிறத்தில் டயர் விவர ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் எண்ணை நம்ப வேண்டாம், ஏனென்றால் அது அந்த மாடலில் அதிகம் தாங்கும் வண்டியின் எண். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்குப் பல நூறு பவுண்டு வித்தியாசம் இருக்கும். சன்ரூஃப், தோல் இருக்கை, பெரிய சக்கரம், நான்கு கதவு என்று சொகுசு கூடக் கூடத் தாங்கும் எடை குறையும். ஒப்பந்தக்காரர்கள் ஓட்டும் அடிமட்ட மாடல்தான் அதிகம் தாங்கும். நமக்கும் அதுவே நல்லது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு கதவு உள்ள டொயோட்டா டகோமா 4x4 ஒன்றின் ஸ்டிக்கரில் 1,100 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் 310. டாப்பர் 180. பிளைவுட் மேடையும் மெத்தையும் 130. 12 கேலன் தண்ணீர் 100. ஃப்ரிட்ஜ், பேட்டரி 85. அடுப்பு, பாத்திரம், அரிசி பருப்பு 90. துணிமணி, லேப்டாப் 80. டூல்ஸ், ஜாக்கி, கயிறு, காற்றடிக்கும் பம்ப் எல்லாம் 100. கூட்டினால் 1,075. மிச்சம் 25 பவுண்டுதான். இதன்மேல் 150 பவுண்டு கூரைக் கூடாரம் வைத்தால் வரம்பு தாண்டிவிடும். முழு டேங்க் எரிபொருளின் எடையை ஸ்டிக்கரிலேயே கழித்திருப்பார்கள், அதைத் திரும்பக் கூட்ட வேண்டாம். ஆனால் முந்தைய உரிமையாளர் பின்னாளில் போட்ட டாப்பர், இரும்பு பம்பர், வின்ச் எதையும் ஸ்டிக்கர் கணக்கில் எடுத்திருக்காது.

“கனமான ஸ்பிரிங் போட்டாச்சு, இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஸ்பிரிங் மாற்றினால் வண்டியின் பின்புறம் தொங்காது, அவ்வளவுதான். பிரேக், ஆக்ஸில், ஃப்ரேம் எல்லாம் பழையதுதான். மலை இறக்கத்தில் நிறுத்த வேண்டியது அந்த பிரேக்தான்.

படி 3: பெட்டின் நீளம்

5 அடி 8 அங்குல உயரம் என்றால் 68 அங்குலம். டகோமாவின் சின்ன பெட் 60 அங்குலம் சொச்சம், நீளமானது 73 அங்குலம் சொச்சம். சின்னதில் நேராகப் படுத்தால் கால் நீட்ட முடியாது. முழு அளவு டிரக்குகளில் 5.5, 6.5, 8 அடி என்று வரும். வாழ்வதற்கு 6 அடிக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். 6.5 அடி இருந்தால் தலைமாட்டில் ஒரு பெட்டி வைக்கவும் இடம் கிடைக்கும்.

அகலத்தையும் பாருங்கள். சக்கர மேடுகளுக்கு நடுவில் டகோமாவில் 41 அங்குலம் சொச்சம்தான் இருக்கும். முழு அளவு வண்டிகளில் 50 அங்குலத்தை ஒட்டி இருக்கும், 4 அடி அகல பிளைவுட் அப்படியே உட்காரும். இரண்டு பேர் படுக்கும் மெத்தை 54 அங்குலம். ஆகவே எந்த வண்டியானாலும் சக்கர மேட்டுக்கு மேல் மேடை கட்டி, அடியில் சாமான் வைப்பதுதான் சரி.

கேபினைப் பொறுத்தவரை இரண்டு பேர் வாழ்வதற்குச் சின்னப் பின்னிருக்கை உள்ள வகையே போதும். ஃபோர்டில் சூப்பர்கேப், நிசானில் கிங் கேப், டொயோட்டாவில் அக்சஸ் கேப் என்பார்கள். பின்னிருக்கை இருக்கும் இடத்தில் துணிப்பெட்டியும் லேப்டாப்பும் பூட்டிய கதவுக்குள் பத்திரமாக இருக்கும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 கட்டாயமா? இல்லை என்பது என் கருத்து. அரசு நிலங்களில் தங்குமிடங்களுக்குப் போகும் மண்சாலைகளில் பெரும்பாலானவற்றில் நல்ல டயரும் தரையிலிருந்து போதுமான உயரமும் உள்ள, இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் 4x2 வண்டியே மெதுவாகப் போய்விடும். மழைக்குப் பின் யூட்டா, நியூ மெக்சிகோவின் களிமண் சாலையில் 4x4 கூட வழுக்கும், அங்கே காய்கிறவரை காத்திருப்பதுதான் வழி. பனிக்காலத்தில் மலைப்பக்கம் தங்குவீர்கள் என்றால் 4x4 எடுங்கள். உயர்த்திக் கட்டிய லிஃப்ட் கிட் வண்டிகளை விட்டுவிடுங்கள்.

படி 4: எந்த வண்டி, எந்த ஆண்டு

டகோமாவுக்கு நல்ல பெயர் உண்டு, விலையும் அதற்கேற்ப அதிகம். ஆனால் பழைய டகோமாக்களின் ஃப்ரேம் துருப்பிடித்த கதை பெரியது. 2008இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் ஃப்ரேமுக்கு 15 ஆண்டு வாரண்டி கொடுத்து, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு 2005–2010 டகோமா, 2007–2008 டுண்ட்ரா (டொயோட்டாவின் பெரிய டிரக்) வண்டிகளுக்கும் வழக்கு வந்து, 2016இல் 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது. அந்தத் திட்டத்தில் புது ஃப்ரேம் போட்ட வண்டி கிடைத்தால் யோகம்தான், அதற்கான பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

நிசான் ஃப்ரன்டியர் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நல்ல உழைப்பாளி. ஆனால் 2005–2010 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குளிர்விப்பான் உடைந்து, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் கலந்துவிடும். ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறியிருந்தால் கியர்பாக்ஸ் போனது என்று அர்த்தம். ரேடியேட்டர் மாற்றிய ரசீது இல்லாத வண்டி வேண்டாம். 2011க்குப் பிந்தைய 4.0 லிட்டர் கிங் கேப், 6 அடி பெட்டோடு, குறைந்த பட்ஜெட்டுக்கு என் முதல் தேர்வு.

ஃபோர்டு எஃப்-150இல் 2004க்குப் பின் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சினைத் தவிர்க்கலாம். ஸ்பார்க் பிளக் கழற்றும்போதே உடையும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர் என்ற பாகம் தேய்ந்து டக்டக் என்று தட்டும். 2011 முதல் வரும் 5.0 லிட்டர் வி8 நம்பகமானது. 2015 முதல் எஃப்-150இன் உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. ஃப்ரேம் மட்டும் இன்னும் இரும்புதான். 3.5 லிட்டர் எகோபூஸ்ட் நல்ல இழுவை தரும், ஆனால் 2017–2020 வண்டிகளில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கரகரப்பு வந்தால் கேம் ஃபேசர் வேலை காத்திருக்கிறது.

சில்வராடோ போன்ற ஜி.எம். வண்டிகளின் 5.3 வி8இல் எரிபொருள் மிச்சம் பிடிக்கச் சில சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு, அதில் வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் உடைவது தெரிந்த பிரச்சினை. 2021–2024 காலத்து 6.2 லிட்டர் வண்டிகள் 2025இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் ரீகால் ஆயின, அதாவது பழுதைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்தார். ராம் 5.7 ஹெமியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டுகள் உடைந்து குளிரில் டிக்டிக் சத்தம் வரும், இது சமாளிக்கக்கூடியது. ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசல், அதாவது 2003–2007 சூப்பர் டூட்டி (எஃப்-250, அதற்கும் மேல்), எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பெட்ரோல் செலவைத் தாங்க முடியும் என்றால் 2007–2021 டுண்ட்ரா 5.7, 6.5 அடி பெட் உள்ளது, நீண்ட கால வாழ்க்கைக்கு நான் அதிகம் நம்பும் வண்டி. 2022–2023 டுண்ட்ராவின் டர்போ எஞ்சின்களில் தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்களுக்காக 2024இல் ரீகால் வந்தது. அந்த ஆண்டு வண்டி என்றால் ரீகால் வேலை முடிந்ததா என்று பார்க்க வேண்டும்.

படி 5: எங்கே தேடுவது

மிஷிகன், ஒஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் பக்கமெல்லாம் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புதான் ஃப்ரேமைத் தின்கிறது. அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, தெற்கு கலிபோர்னியா போன்ற வறண்ட இடங்களில் வாழ்ந்த வண்டியைத் தேடுங்கள். கிளீவ்லாந்தில் இருக்கிறவர் ஃபீனிக்ஸுக்கு விமானத்தில் போய் வாங்கி ஓட்டி வந்தாலும் லாபம்தான், அதுவே முதல் பயணமாகவும் ஆகிவிடும். பாலைவன வண்டியில் டாஷ்போர்டு வெடித்திருக்கும், ரப்பர் புஷ்கள் காய்ந்திருக்கும், பெயின்ட் வெளுத்திருக்கும். பரவாயில்லை. வெயில் கெடுத்ததை மாற்ற முடியும்.

படி 6: வீட்டிலிருந்தே செய்யும் சோதனை

விற்பவரிடம் வண்டியின் அடையாளமான 17 எழுத்து வின் எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு மோசடிகளைக் கண்காணிக்கும் என்.ஐ.சி.பி.யின் இலவசத் தளத்தில் திருட்டு விவரமும், சால்வேஜ் (பெரும் சேதத்தால் காப்பீடு கைவிட்டது) விவரமும் தெரியும். சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் முடிக்காத ரீகால் தெரியும். தேசிய வாகனப் பதிவேடான என்.எம்.வி.டி.ஐ.எஸ். அறிக்கையைச் சில டாலருக்கு வாங்கினால் எந்தெந்த மாநிலத்தில் டைட்டில் (உரிமைப் பத்திரம்) மாறியது என்று வரும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான டைட்டிலோடு விற்பார்கள். 2022இல் இயன், 2024இல் ஹெலீன் புயல்கள் அடித்த பகுதிகளிலிருந்து புயலை ஒட்டிய மாதங்களில் வெளியேறிய வண்டி என்றால் உஷாராக இருங்கள்.

மைல் எண்ணிக்கை பற்றி ஒரு விவரம். 2010 வரையிலான மாடல்களுக்கு 10 ஆண்டு கழிந்தால் விற்பவர் ஓடோமீட்டர் அளவை எழுதித் தர வேண்டியதில்லை. 2011 மாடல் முதல் அந்தக் கட்டாயம் 20 ஆண்டு. எனவே பழைய வண்டி என்றால் டைட்டிலில் உள்ள மைலை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள்.

படி 7: நேரில் பார்ப்பது

இதற்கு அவசரம் கூடாது. பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் தன் நோயைச் சொல்லும்.

பழைய பாய் ஒன்று, டார்ச், சின்னச் சுத்தியல், நீண்ட ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். பாயை விரித்து அடியில் படுங்கள். ஃப்ரேம் ரயில் என்னும் நீளச் சட்டங்கள் இரண்டையும் முன்னிருந்து பின்வரை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான காவி நிறம் பயப்பட வேண்டியதல்ல. அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்தால் பிரச்சினை. பின்சக்கரத்துக்கு முன்னால், இலை ஸ்பிரிங் ஃப்ரேமோடு சேரும் இடம், பின் ஆக்ஸிலுக்கு நேர்மேலே, ஸ்டெப்னி தொங்கும் இடம், இந்த மூன்றும்தான் முதலில் போகும். பெட்டி வடிவ ஃப்ரேமில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே ஈரம் தேங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடங்களில், விற்பவர் அனுமதியோடு, சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சத்தம் கொடுத்துத் தூள் உதிர்க்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஃப்ரேம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்து வாசனை கூடப் போகாமல் இருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பிரேக் குழாய்களையும் பாருங்கள், அரித்த குழாய் ஒருநாள் திடீரென வெடிக்கும்.

மேலே வந்ததும் பெட்டைப் பாருங்கள். தரையில் நான்கைந்து பெரிய துளைகள் போட்டு அடைத்திருந்தால் கனமான டிரெய்லர் இழுத்த வண்டி. இழுவைக் கொக்கியின் துளை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். கியர்பாக்ஸ் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதற்கு இவைதான் சாட்சி.

இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்து போல்ட்டுகளைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அதில் வண்டல் கறை, போல்ட்டில் துரு, மட்கிய வாசனை இருந்தால் வெள்ள வண்டி. கம்பெனி வண்டியாக இருந்தால் எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். பல டிரக்குகளின் டாஷ்போர்டு மெனுவிலேயே அது இருக்கும். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 90,000 மைல், 6,000 மணி என்றால் மணிக்கு 15 மைல்தான். அந்த வண்டி பாதிக் காலம் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக் கழித்திருக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டியதை, தேயாமல் நன்றாக இருந்தாலும், மாற்றும் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

டாப்பரோடு வரும் வண்டி என்றால் ஜன்னல் ரப்பர் ஓரங்களில் தண்ணீர் இறங்கிய தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லியர், ஏ.ஆர்.இ., ஸ்னக்டாப் எதுவானாலும் டாப்பர் அந்தந்த மாடலுக்கும் பெட் நீளத்துக்கும் தனித்தனி. பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் பொருந்தும் பழையது கிடைக்க மாதங்கள் ஆகலாம்.

படி 8: ஸ்டார்ட் செய்து ஓட்டுவது

சாவியைத் திருப்பியதும் முதல் ஐந்து விநாடி காதைக் கொடுங்கள். கரகரப்பு, தட்டல், டிக்டிக் எல்லாம் அப்போதுதான் கேட்கும். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளை, இனிப்பு வாசனையோடு, கூலன்ட்.

வண்டியின் கணினியில் உள்ள பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடர் இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும், அதைச் செருகுங்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. சுய சோதனைகள் பல “இன்னும் தயாராகவில்லை” என்று இருந்தால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகம், ஒரு ஏற்றம், காலி பார்க்கிங்கில் முழு ஸ்டியரிங் திருப்பம், எல்லாமும் வேண்டும். டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது டொக் என்றால் டிரைவ் ஷாஃப்டின் யு-ஜாயின்ட் என்ற இணைப்பு தேய்ந்திருக்கிறது. ராம் 2500, சூப்பர் டூட்டி போன்ற முழு முன் ஆக்ஸில் 4x4 வண்டிகளில் வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடினால் முன்புறம் முழுக்க வேலை. 4x4 என்றால் மண் தரையில் நிறுத்தி உயர், தாழ் இரண்டையும் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வண்டியில் அது விழவே விழாது. கடைசியில் ஏ.சி. போட்டுக் கால் மணி நேரம் நின்றபடியே ஓட விட்டு வெப்ப முள்ளைக் கவனியுங்கள்.

இவ்வளவும் சரி என்றால் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். 150 முதல் 250 டாலர் ஆகும். விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவே பதில்.

படி 9: விலை, பத்திரம், பணம்

கையில் உள்ள மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிய பிறகான வேலைக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் வண்டியைத் தேடுங்கள். பேரத்தில் “ரொம்பப் பழசு” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள். “டயர் ஏழு வருடம், நான்குக்கும் இந்த விலை, யு-ஜாயின்ட்டுக்கு மெக்கானிக் எழுதிய தொகை இது” என்று தாளைக் காட்டுங்கள்.

டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். “ஃப்ரண்டோட வண்டி, அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்” என்றால் விலகுங்கள். ஒயிட்னர் தடவியிருந்தாலோ அடித்துத் திருத்தியிருந்தாலோ அந்தத் தாள் செல்லாமல் போகலாம். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த வங்கிக் கிளையிலேயே சந்தித்து, பணத்தை அங்கேயே கட்டி, விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். சில மாநிலங்களில் நோட்டரி கையெழுத்தும் தேவை. கலிபோர்னியாவில் புகைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியது விற்பவர். டீலரிடம் வாங்கினால் ஜன்னலில் ஒட்டியிருக்கும் பையர்ஸ் கைடைப் படியுங்கள். “ஆஸ் ஈஸ்” என்று குறித்திருந்தால் வெளியே வந்த பிறகு எந்தப் பழுதும் உங்களுடையதுதான்.

படி 10: வாங்கியதும் செய்யும் வேலை

எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லாத எல்லாத் திரவத்தையும் மாற்றுங்கள்: எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டிஃபரன்ஷியல், 4x4 என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யுங்கள். பெல்ட், ஹோஸ், பேட்டரியையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சாமானெல்லாம் ஏற்றிய பிறகு டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேலில் ஒருமுறை எடை போடுங்கள். ஆட்களும் உட்கார்ந்திருக்க வேண்டும், டேங்கும் தண்ணீரும் நிரம்பியிருக்க வேண்டும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், மொத்தம் என்று தனித்தனியே சீட்டு வரும். மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்ஸில் மட்டும் தாண்டியிருப்பது டிரக் வீடுகளில் சகஜம். அப்போது தண்ணீரையும் டூல்ஸையும் கேபினை ஒட்டி முன்னால் நகர்த்துங்கள்.

படி 11: சமையலும் மின்சாரமும்

100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கும். 500 வாட் ரைஸ் குக்கர் 25 நிமிடம் ஓடினால் 200 வாட்-மணி சொச்சம். தாங்கும், ஆனால் வண்டி நகராத மேகமூட்டமான நாட்களில் இடிக்கும். ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்ற டிசி-டிசி சார்ஜர் ஒன்று, டாப்பர் மேல் சோலார் பலகை ஒன்று, இரண்டும் இருந்தால் நிம்மதி. இந்த வகை பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எனவே பெட்டைவிடக் கேபினுக்குள் வைப்பது நல்லது.

நம் சமையலுக்குச் சின்ன பிரஷர் குக்கரும் கேஸ் அடுப்பும்தான் சரி. ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொலராடோவின் லெட்வில் 10,000 அடிக்கும் மேல், அங்கே 90 டிகிரி. திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு மசிய வெகுநேரம் ஆகும். குக்கரிலும் இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். சமைப்பது எப்போதும் டெயில்கேட் என்னும் பின்கதவைத் திறந்து வெளியே. மூடிய டாப்பருக்குள் கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ போட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டுங்கள். குளிர் இரவிலும் இரண்டு ஜன்னலை விரல் அளவு திறந்து வைத்தால் மூச்சின் ஈரம் மெத்தையை நனைக்காது.

படி 12: முகவரி, விசா, தங்குமிடம்

காப்பீட்டு நிறுவனத்திடம் வண்டியிலேயே வாழ்வதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் தகராறு வரும். டாப்பர், பேட்டரிக்குத் தனியாகக் கவரேஜ் கேளுங்கள். முழுநேரம் சாலையில் வாழும் குடிமக்கள் பலர் சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடாவில் முகவரி வைத்துக்கொள்கிறார்கள்.

நம்மவர்கள் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்-1பி, கிரீன் கார்டு எதுவானாலும் வீட்டு முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.க்குத் தெரிவிக்க வேண்டும். எச்-1பி என்றால் வேலை செய்யும் இடமும் மனுவில் எழுதியதாக இருக்க வேண்டும். அந்தப் பெருநகர எல்லைக்கு வெளியே தொடர்ந்து வேலை செய்ய நிறுவனம் திருத்த மனு போட வேண்டி வரும். யூட்டாவில் நின்றுகொண்டு டல்லாஸ் ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கிளம்பும் முன் நிறுவனத்தின் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். விடுமுறையில் போவதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

தங்குவதற்கு பி.எல்.எம். என்னும் மத்திய அரசு நில நிர்வாக அமைப்பின் நிலங்களிலும் தேசியக் காடுகளிலும் முகாம் வசதி இல்லாத இடங்களில் இலவசமாக நிறுத்தலாம். பொதுவாக 28 நாளில் 14 நாள் ஒரே இடத்தில் இருக்கலாம், பிறகு நகர வேண்டும். எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதை வனத்துறையின் மோட்டார் வாகன வரைபடம் காட்டும். அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னல் இருக்காது. தேசியப் பூங்காக்களுக்குள் குறித்த முகாமிடம் தவிர வேறெங்கும் வண்டியில் தூங்க அனுமதி இல்லை.

முதல் குளிர்காலத்துக்கு நான் சொல்லும் இடம் அரிசோனாவின் குவார்ட்சைட். அங்கே லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடத்தை பி.எல்.எம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நடத்துகிறது. பருவம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கட்டணம் கட்டலாம், தண்ணீர் பிடிக்கவும் குப்பை போடவும் இடம் உண்டு. வண்டிக்குள் கழிப்பறை இல்லாத நம்மைப் போன்றவர்கள் பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பக்கத்தில் நிறுத்தியிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தங்கள் டாப்பரைத் திறந்து, மேடை, வயரிங், அலமாரி எல்லாவற்றையும் காட்டுவார்கள். அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.